செந்தமிழன் தண்ணீருக்குப் பழகிய கதை

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த செந்தமிழனுக்குத் தண்ணீர் என்றாலே நடுக்கம். சிறுவயதில் ஏரியில் ஒருமுறை மூழ்கி எழுந்தவர். அதன்பின் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதே இல்லை. அப்படிப்பட்டவர் கப்பலில் ஃபிட்டர் வேலைக்குக் கிளம்பினார் என்றால் பட்டறையில் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

கப்பலேறும் முன் சென்னையில் பாதுகாப்புப் பயிற்சி. தீயணைப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை. நெருப்போடு பிழைத்தவர்தானே. நீச்சல்குளத்து மேடையில்தான் எல்லாம் கெட்டது. லைஃப் ஜாக்கெட் மாட்டியும் குதிக்கக் கால் நகரவில்லை. “அடுத்த பேட்ச்ல வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள்.

முகம் செத்துப்போய் வீடு வந்தவரை மனைவி சாரதாமணி ஏற இறங்கப் பார்த்தாள்.

“இதுக்குத்தானுங்களா இப்படி உக்காந்திருக்கீங்க? எங்கப்பன் தோட்டத்துல கெணறு இருக்குது. நாளைக்கே போலாம், கெளம்புங்க.”

மல்லசமுத்திரத்துப் பக்கம் அவள் பிறந்த ஊர். அண்ணன்களோடு போட்டி போட்டுக் கிணற்றில் குதித்து வளர்ந்தவள். கணவர் முதுகில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டிவிட்டு, சுடிதாரோடு அவளே முதலில் குதித்தாள். தண்ணீர் அவளை விழுங்கியது. மறுகணம் தலையைச் சிலுப்பிக்கொண்டு மேலே வந்தாள்.

“பாத்தீங்களா மாமா, தண்ணியே தூக்கி உடுது! வாங்க!”

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். அன்று இடுப்பளவு இறங்கியதோடு சரி. பருத்திக்காட்டில் வேலை செய்த பெண்கள் கிணற்றுமேட்டுக்கு வந்து, “ஏனுங் மாப்ள, தண்ணி சுடுதுங்களா?” என்று கேலி பேசினார்கள். கணவனும் மனைவியும் தினமும் போனார்கள். சில நாளில் கேன் தேவைப்படவில்லை. ஒரு மதியம் மோட்டார் ரூம் மேலிருந்து கண்ணை இறுக மூடிக் குதித்தே விட்டார். மேலே வந்ததும் அழுகையா சிரிப்பா என்று அவருக்கே புரியவில்லை. அடுத்த பேட்ச்சில் தேறி, சரக்குக் கப்பல் ஒன்றில் ஏறினார்.

கப்பலில் வாராவாரம் ஒத்திகை. மணி அடித்தால் ஜாக்கெட்டோடு ஓடிப்போய் அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். மற்றவர்கள் முணுமுணுத்தாலும், செந்தமிழன் காற்றடைத்து விரியும் மிதவைப் படகுக்குப் போகும் வழியைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடக்கிற அளவுக்குப் பழகிவைத்தார்.

ஒருநாள் காலை அடித்த மணி ஒத்திகைக்கானது அல்ல. இன்ஜின் ரூமில் எண்ணெய்க் குழாய் வெடித்துத் தீ. உள்ளிருந்தவர்களை வெளியேற்றிக் கதவுகளை அடைத்துத் தீயணைக்கும் வாயுவைச் செலுத்தியும் அடங்கவில்லை. கப்பலை விட்டு இறங்கச் சொன்னார் கேப்டன். உயிர்காப்புப் படகு இருந்த பக்கம் முழுக்கப் புகை. மறுபக்கத்தில் மிதவைப் படகைக் கடலில் விரித்துக் கயிற்று ஏணியைப் போட்டார்கள். முக்கால்வாசிப் பேர் இறங்கியதும் ஏணி ஒருபுறம் அறுந்து தொங்கியது. இனிக் குதிப்பதுதான் வழி.

ஒடிசாக்காரரான சமையல்காரர் பிரதான் கப்பல் ஓரத்துக் கம்பியை விடவே இல்லை. “நான் இங்கேயே இருந்துக்கறேன்” என்று இந்தியில் புலம்பினார். அந்தப் பயம் செந்தமிழனுக்கு நன்றாகத் தெரியும். அவரைத் திட்டவில்லை, பிடித்துத் தள்ளவுமில்லை.

“நான் முதல்ல போறேன். நான் மேல வர்றதைப் பாருங்க. அப்புறம் வாங்க” என்றார், தெரிந்த இந்தியில். பின்னால் நின்ற கேப்டன் தலையசைத்தார்.

மூக்கைப் பொத்தி, ஜாக்கெட்டை அழுத்திப் பிடித்து, நேரே பார்த்துக் குதித்தார். உப்புத் தண்ணீர் காதுக்குள் இரைந்தது. மேலே வந்ததும் கையை உயர்த்தி ஆட்டினார். பிரதான் ஏதோ சாமி பெயரைக் கத்திக்கொண்டே குதித்தார். செந்தமிழன் அவர் காலரைப் பிடித்துப் படகுக்கு இழுத்தார். கடைசியாகக் கேப்டன் வந்தார். சாயங்காலத்துக்குள் வேறொரு கப்பல் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டது.

அங்கிருந்து வீட்டுக்குப் போனில் பேசினார்.

“சாரதா, கப்பல் தீப்பிடிச்சுப் போச்சு. எல்லாரும் நல்லா இருக்கறோம்.”

“குதிச்சீங்களா?” என்றாள் சாரதாமணி.

“குதிச்சேன்.”

“கண்ணைத் தொறந்துட்டுத்தானுங்களா?”

“தொறந்துட்டுத்தான்.”

அவள் ஓவென்று அழுதாள்.

ஊர் வந்தபின் இனிக் கப்பலே வேண்டாம் என்றார்கள் சொந்தக்காரர்கள். சாரதாமணி ஒத்துக்கொள்ளவில்லை. “ஆபத்து வந்தா என்ன பண்றதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குதுங்க. போகட்டும்” என்றாள். ஆடி கழிந்ததும் செந்தமிழன் அடுத்த கப்பலுக்குப் புறப்பட்டார்.