பெட்டித் தராசில் ஒரு பூனைக்குட்டி

எங்கள் வீட்டில் மீன் சமைப்பதற்கென்றே ஒரு மண்சட்டி இருக்கிறது. மச்சச் சட்டி என்போம். நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறுவதற்கு முதல்நாள் அக்கா அதைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, பழைய பேப்பரில் சுற்றி, கிணற்றடியில் இருக்கும் மோட்டர் அறைக்குள் கொண்டுபோய்க் கவிழ்த்து வைப்பாள். அதன்பிறகு திருவிழாவின் கடைசியில் வரும் தீர்த்தம் முடியும்வரை எங்கள் வேலிக்குள் மீன் வராது, இறைச்சி வராது, முட்டைகூட வராது. எங்கள் ஒழுங்கை முழுவதும் அப்படித்தான். மற்ற நாட்களில் ஹோர்னை அமத்திக்கொண்டே வரும் மீன்காரர், அந்த நாட்களில் மோட்டார் சைக்கிளைச் சத்தமில்லாமல் உருட்டாத குறையாக எங்களைக் கடந்து அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

சில வருடங்களுக்கு முன்பு, சட்டியைக் கவிழ்க்கப் போன அக்கா கையில் ஒரு பூனைக்குட்டியோடு திரும்பி வந்தாள். சாம்பல் நிறம். காதுகள் மட்டும் அதன் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்தன. தாய்ப்பூனை அன்று காலை சந்தியில் ஒரு வான் வண்டியில் அடிபட்டுச் செத்துக் கிடந்ததை அக்கா பார்த்திருக்கிறாள். "பாவம், எங்கை போகும்?" என்றாள். எனக்குப் பூனைகளில் அப்போது விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை.

அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா வீட்டைப் பார்க்கிறாள், நான் சுன்னாகத்தில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். இருவருக்கும் கலியாணம் ஆகவில்லை. அதற்கான காரணங்கள் இங்கே தேவையில்லை. எங்களுக்கு இளையவள் சுவிஸில் இருக்கிறாள். அந்த வருடம் அவளுக்குப் பெண்பிள்ளை பிறந்திருந்தது, நாட்கள் நிறைவதற்கு வெகுமுன்னரே. ஒரு கிலோச் சீனிப் பையின் நிறைகூட இல்லாத பிள்ளை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நிறை ஏறினால்தான் பிழைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அக்கா உடனே நல்லூரானுக்கு நேர்த்தி வைத்துவிட்டாள். தான் ஒருநேரச் சாப்பாடு. தீர்த்தம் வரையும் வேலிக்குள் மச்சத்தின் மணமும் வரக்கூடாது. பிள்ளை நிறை வைக்கவேண்டும்.

ஆகவே பூனைக்குட்டியும் சைவமாகியது. அடுத்த வீட்டுப் பசும்பாலில் சோற்றைக் குழைத்து அக்கா அதற்கு விரலால் தீத்தினாள். குட்டியும் தின்றது. இரண்டு மூன்று நாட்களில் வயிறு பந்துபோல் வந்துவிட்டது. "பார், எப்பிடி உருண்டு திரண்டு வந்திட்டுது" என்று வீடியோவில் தங்கச்சிக்கும் காட்டினாள். நானும் வயிற்றைத்தான் பார்த்தேன். வளர்கிறது என்றுதான் நினைத்தேன். பிறகு அது போகிற இடமெல்லாம் தண்ணியாகப் போகத் தொடங்கியது. நடக்கும்போது பின்னங்கால்கள் இழுபட்டன.

சனிக்கிழமை ஒரு துணிப்பைக்குள் போட்டு ஸ்கூட்டரில் கொழுவி மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அவர் என் வயதுப் பெண். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், ஒரு மாதம் இருக்கும் என்றார். நான் வயிற்றைக் காட்டி, நன்றாகச் சாப்பிடுகிறது என்றேன்.

"உந்த வயிறு சோறும் பூச்சியும். வயித்தைப் பாக்காதேங்கோ, இஞ்சை தொட்டுப் பாருங்கோ" என்று என் விரலைப் பிடித்துக் குட்டியின் விலாவில் வைத்தார். ஈர்க்குக் கட்டைத் தொட்டதுபோல் இருந்தது. "விலா கையிலை படவேணும், ஆனால் கண்ணுக்குத் தெரியக்கூடாது. அதுதான் அளவு. இதுக்குத் தோலும் எலும்பும்தான்."

பூச்சிமருந்து தந்தார். பசும்பாலை நிறுத்தச் சொன்னார். சின்ன மீனை உப்பில்லாமல் அவித்து, முள்ளெடுத்து, மசித்து, ஒரு நாளைக்கு நாலு தடவை கொடுக்கவேண்டும். கிழமைக்கு நூறு கிராமாவது ஏறவேண்டும் என்றார்.

"வீட்டிலை இப்ப சைவம். கொடியேறிட்டுது" என்றேன்.

"பூனைக்கு அது தெரியாது" என்றார்.

நிறுப்பதற்கு எங்களிடம் பெட்டித் தராசு இருந்தது. வெளிநாட்டில் ஆட்கள் உள்ள எந்த வீட்டிலும் அது இருக்கும். விமானநிலையத்தில் பெட்டியின் நிறை கூடிவிட்டது என்று மிளகாய்த்தூளை வெளியே எடுத்துப்போடாமல் இருக்க, வீட்டிலேயே கொழுவித் தூக்கி நிறை பார்க்கிற கைத்தராசு. தங்கச்சி கடைசியாக வந்தபோது விட்டுவிட்டுப் போனது. குட்டியைத் துணிப்பைக்குள் விட்டு, பையின் காதைக் கொழுக்கியில் மாட்டித் தூக்கினேன். முந்நூற்று இருபது கிராம்.

வைத்தியர் விலாவைத் தொட்டு அளவு பார்க்கக் காட்டியதையும் மீன் விஷயத்தையும் அக்காவிடம் சொன்னேன். "தீர்த்தம் முடியட்டும். பிறகு நானே அவிச்சுக் குடுக்கிறன்" என்றாள். பாலை நிறுத்தினாள். அதற்குப் பதிலாகப் பயற்றம்பருப்பை அவித்து மசித்துக் கொடுத்தாள். "பருப்பிலையும் சத்திருக்கு. நாங்கள் வளரேல்லையே?" என்றாள். நான் வேலைக்குப் போய்விட்டால் நாலு நேரமும் தீத்துவதற்கு அவள்தான் இருக்கிறாள். ஆகவே முடிவும் அவளுடையதாகிவிட்டது.

நான் ஒரு வேலை செய்து பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்குப் போய்ப் பூனைக்கான பக்கற் உணவு வாங்கிவந்தேன். பக்கற்றின் முகப்பில் ஒரு பெரிய மீன் படம். அக்கா அதைப் பார்த்ததும் கேற்றுக்கு வெளியே மதில்மேல் கொண்டுபோய் வைத்தாள். ஒழுங்கையில் குந்தியிருந்து அதைத் தண்ணீரில் ஊறவைத்துக் குட்டிக்குக் காட்டினேன். அது மணந்து பார்த்துவிட்டு என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. மிச்சத்தை ஒழுங்கை நாய்கள் முடித்தன. வங்கிக்கு வருகிறவர்கள் இரண்டு பேர் அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த சனிக்கிழமை தராசு முந்நூறு காட்டியது. ஏறவேண்டியது இறங்கியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. "அக்கா, உது சாகப்போகுது" என்றேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "நான் என்ன செய்ய? அங்கை ஒரு பிள்ளை கிடக்குது" என்றாள். நேர்த்தியில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் நான் சொல்லி அவள் அதை முறித்து, பிறகு சுவிஸில் ஏதாவது நடந்தால், அந்தப் பழியை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? பூனைக்குட்டிக்காகக் கதைக்க எனக்குப் பயமாக இருந்தது. குட்டி மேசைக்குக் கீழே ஒரு பழைய துவாயில் சுருண்டு கிடந்தது. கூப்பிட்டால் தலையை மட்டும் தூக்கும்.

அன்று பின்னேரம் தங்கச்சி வீடியோவில் வந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளையைக் காட்டினாள். மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய்.

"சாப்பாடு என்ன குடுக்கினம்?" என்று அக்கா கேட்டாள். ஒவ்வொரு நாளும் கேட்கிற கேள்விதான்.

"மூக்காலை என்ரை பால் போகுது. அது காணாதெண்டு ட்ரிப்பிலை கொழுப்பு ஏத்தினம் அக்கா. வெள்ளையாய்ப் பால்மாதிரி இருக்கு."

"என்ன கொழுப்பு?"

"இண்டைக்குத்தான் கேட்டனான். சோயா எண்ணெய், ஒலிவ் எண்ணெய், மீனெண்ணெய் எல்லாம் கலந்ததாம்."

அக்கா மேசைக்குக் கீழே கிடந்த குட்டியைப் பார்த்தாள். தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்துத் தங்கச்சி "அக்கா? அக்கா?" என்று கூப்பிட்டாள்.

"மீனெண்ணெயோ?"

"ஓம். ஏன்?"

"ஒண்டுமில்லை. நிறை ஏறுதோ?"

"கொஞ்சம் கொஞ்சமாய் ஏறுது."

"அப்ப நிப்பாட்டாமல் ஏத்தச் சொல்லு" என்றாள் அக்கா.

மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டு நான் முற்றத்துக்கு வந்தபோது அவள் கேற்றடியில் நின்றாள். மீன்காரர் வழக்கப்படி சத்தம் காட்டாமல் போகப் பார்த்தார்.

"தம்பி, நில்லும். சூடை மீன் கிடக்கே?"

அவர் பிரேக்கைப் பிடித்தார். எங்கள் வீட்டையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். "அக்கா, கொடியெல்லே ஏறியிருக்கு?"

"தெரியும். பிஞ்சாய்ப் பாத்துத் தாரும்."

மோட்டர் அறைக்குப் பின்னால் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாள். பேப்பரைப் பிரித்துச் சட்டியை எடுத்தாள். அவித்த மீனில் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து மசித்தாள். குட்டிக்கு மணம் எட்டியது. அந்தத் துவாயிலிருந்து அது எழும்பி வந்த வருகையை நான் இன்னும் மறக்கவில்லை. தின்னும்போது தொண்டைக்குள் உறுமியது. இவ்வளவு சிறிய உடம்புக்குள் அப்படி ஒரு சத்தம் இருந்திருக்கிறது. அக்கா பக்கத்தில் குந்தியிருந்து, "மெல்ல, மெல்ல, ஒருத்தரும் பறிக்கேல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல் இருந்த கோபம் எல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

பிறகு தலைமுழுகிவிட்டு, நல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போ என்றாள். போனோம். உள்ளே வெகுநேரம் நின்றாள். திரும்பி வரும்போது ஸ்கூட்டரில், "என்ன கேட்டனீ?" என்றேன்.

"ஒண்டும் கேக்கேல்லை. நேர்த்தியை முறிச்சுப்போட்டன் எண்டு சொன்னனான். பிழையெண்டால் எனக்குத் தா, பிள்ளையிட்டைப் போகாதை எண்டு சொன்னனான்."

அந்தக் கிழமை முழுவதும் அவள் ஒருநேரம்தான் சாப்பிட்டாள். குட்டிக்கு நாலு நேரமும் தவறவில்லை. ஒவ்வொரு தடவையும் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவாள். தங்கச்சியின் அழைப்பு வருகிற நேரத்தில் போனைத் தான் எடுக்காமல் என்னிடம் தருவாள்.

சனிக்கிழமை நான் துணிப்பையையும் தராசையும் எடுத்தேன். அவள் குட்டியைத் தரவில்லை. "முதல் தங்கச்சி கதைக்கட்டும்" என்றாள். மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். போன் அடித்தபோது நான்தான் எடுத்தேன். தங்கச்சி சிரித்துக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு மூக்குக் குழாய் மட்டும்தான் இருந்தது, கைக் குழாயைக் கழற்றிவிட்டார்கள். நல்ல நிறை ஏறியிருக்கிறதாம், கையில் தூக்கத் தந்தார்களாம்.

அக்கா அழுதாள். தங்கச்சிக்கு ஏனென்று விளங்கவில்லை. நானும் சொல்லவில்லை. போனை வைத்தபிறகும் அழுதுகொண்டே குட்டியின் விலாவை விரலால் தடவினாள். நான் தராசை நீட்டினேன்.

"அது தேவையில்லை" என்றாள். "தொட்டாலே எனக்குத் தெரியுது."