கொலுசில் கட்டிய கம்பி

காலையில் போன கரண்ட் பதினொன்று இருபதுக்குத் திரும்பி வந்தது. தொண்ணூற்றெட்டாம் வருடம், ஐப்பசி மழை. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுத் தரையெல்லாம் ஈரம் ஊறிக் கிடந்தது.

என் மகள் அப்போதுதான் பி.எஸ்சி. முடித்திருந்தாள். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் செய்யும் வேலைக்கு மதுரையில் தேர்வு வைத்திருந்தார்கள். அதற்குப் பழகத்தான் கம்ப்யூட்டர் வாங்கினோம். ஆனால் ஹெட்போனை மாட்டினால் பேச்சைவிட 'கொய்ங்' என்ற இரைச்சல்தான் பெரிதாகக் கேட்டது. "ஃபிஃப்டீன்னு சொல்லுதாரா, ஃபிஃப்டின்னு சொல்லுதாரான்னே தெரியலம்மா" என்று அழுவாள்.

விற்றவரின் கடை ஸ்ரீவில்லிபுத்தூரில். எப்போது போன் செய்தாலும் "இந்தா வாரேன்க்கா" என்பார், வரமாட்டார். ஒருநாள் போனிலேயே வழி சொன்னார். "கம்ப்யூட்டர் பெட்டி மேல கையையோ காலையோ வச்சுப் பாருங்க, அடங்கிரும்."

நிஜமாகவே அடங்கியது. டைப் செய்ய இரண்டு கையும் வேண்டுமே, அதனால் வெறுங்காலைப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். என் கணவர் கொதித்துவிட்டார். "ஏட்டி, சரஸ்வதி பூசைக்குப் பொட்டு வச்ச பெட்டியில காலைப் போடுதியே!"

இதைக் கடைக்காரரிடம் சொன்னதும் சிரித்தார். "அப்ப பெட்டியில இருந்து ஒரு கம்பியக் கொண்டாந்து கொலுசுல கட்டிருங்கக்கா. சாமி குத்தமும் இல்ல, சத்தமும் இல்ல."

"மாட்டைக் கட்டுன மாதிரி இருக்கும்மா" என்று சிரித்தபடி மகள் கட்டிக்கொண்டாள். இரைச்சல் போனதில் எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அன்று காலையும் கம்பியைக் கட்டியபடி கரண்டுக்காகக் காத்திருந்தாள். பதினொன்று இருபதுக்கு அது வந்த வேகத்தில் பெட்டிக்குள் 'பட்'டென்று ஒரு சத்தம். அடுப்படியில் இருந்த எனக்கு அவள் அலறல் பாதிதான் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், நாற்காலியோடு விழுந்து துடிக்கிறாள். வெறுமனே காலை வைத்திருந்தால் விழுந்த வேகத்திலாவது விலகியிருக்கும். கட்டிய கம்பி விடவில்லை. தொடப் போன கையை எப்படியோ இழுத்துக்கொண்டு மெயின் சுவிட்சை அணைத்தேன்.

உயிர் தங்கியது. கணுக்காலைச் சுற்றி வெந்து போயிருந்தது. எங்கள் வீட்டில் எர்த் இணைப்பே இல்லை, அந்த இரைச்சலே அதனால்தான் என்று பிறகு தெரிந்தது. அதை நிறுத்த என் பிள்ளையின் உடம்பையே எர்த் கம்பியாக்கச் சொல்லியிருக்கிறார்.

மதுரைத் தேர்வுக்கு அவள் போகவில்லை. ஹெட்போனை அதன்பின் தொடவும் இல்லை. இன்றும் ஏதாவது ஒரு தொல்லை சுலபமாகத் தீர்ந்துவிட்டால் எனக்கு நிம்மதி வருவதில்லை.

அத்தனை நாள் வராத கடைக்காரர் அன்று சாயங்காலமே வந்தார். கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தவளைத் தாண்டிக்கொண்டுதான் உள்ளே போனார். பெட்டியைத் திறந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"பயப்படாதீங்கக்கா, கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகல."