கண்ணைப் பெரிதாக்கிப் பார்ப்பவள்

யாருடைய போட்டோவைக் காட்டினாலும் ரக்ஷிதா முகத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு விரலால் செல்போன் திரையை விரித்துக் கண்ணைப் பெரிதாக்குவாள். கருவிழிக்குள் வெளிச்சப் புள்ளி எங்கே நிற்கிறது என்று தேடுவாள். என் மச்சினர் மகன் துபாயிலிருந்து அனுப்பிய கடற்கரைப் படத்தையும் அப்படித்தான் பார்த்தாள். "பீச்சுன்னு சொல்லிக்கினு இருக்காரு, கண்ணுக்குள்ள ரெண்டு டியூப் லைட் எரியுதே அத்த?" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவளுக்குக் காபி கொடுக்கவில்லை.

நான் எதிர்வீட்டுக்காரி. அவள் திருப்பதியில் போட்டோகிராபி படிக்கிறாள். இப்போது முகமும் வெளிச்சமும்தான் பாடமாம். சனிக்கிழமை எங்கள் ஊர் நகரிக்கு வந்தால் கையில் ஒரு தெர்மாகோல் அட்டை இருக்கும், ஒரு பக்கம் பிரியாணிக் கடை வெள்ளித்தாள் ஒட்டியது. தெருவில் அகப்பட்டவர் தாடைக்குக் கீழே, முகத்தில் வெளிச்சம் அடிக்கிற மாதிரி அதைப் பிடித்து, பவர்லூம் சத்தத்துக்கு மேல் "நவ்வொத்து சித்தப்பா, நவ்வொத்து!" என்று தெலுங்கில், சிரிக்கக் கூடாதென்று அதட்டுவாள். சிரித்தால் நடிப்பு என்பாள். சிரிக்காவிட்டால் எதையோ மறைக்கிறார் என்பாள். என்ன பெண்ணோ!

இவள் கையில்தான் அக்கா மஞ்சுவுக்கு வந்த வரனின் படங்கள் சிக்கின. பையன் தணிகைவேல், சத்தியவேட்டுக்காரர், நாயுடுபேட்டையில் கம்பெனி வேலை.

"நாலு போட்டோலயும் வலப்பக்கம்தான் காட்றாரு. இடப்பக்கம் என்னமோ இருக்குது. வேல தெரிஞ்சவன்தான் அத மறைக்கற மாதிரி லைட் வச்சிருக்கான்" என்று அடித்துச் சொன்னாள். அவளுடைய அம்மா நளினி கலங்கிப்போனாள்.

என் வாய் சும்மா இருக்குமா? "நீ மஞ்சுவை எடுத்து அனுப்பினியே, அது எப்படியாம்?" என்று கேட்டுவிட்டேன்.

மஞ்சுவின் இடக்கன்னத்தில் காதுவரை தழும்பு, குழந்தையில் கொதிகஞ்சி கொட்டியது. ரக்ஷிதா எடுத்த படத்தில் அந்தக் கன்னம் நைசாக நிழலுக்குள் போயிருந்தது. பையன் வீட்டாரிடம் தழும்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. முன்பு வந்து பார்த்த இரண்டு வீட்டார் பஜ்ஜி சாப்பிட்டுப் போனதோடு சரி.

"அது வேற அத்த" என்றாள் ரக்ஷிதா. முகம் சுண்டிவிட்டது.

"இன்னா வேற?" மஞ்சு அடுப்படியிலிருந்து வந்தாள். "வரவரு போட்டோவப் பாத்துட்டு வராரு. உக்காரப் போறது நான்தானே? மறைக்காதடி."

"நீ சும்மா இரு. இதுவும் போச்சுன்னா நீ அழுவுறத என்னால பாக்க முடியாதுக்கா."

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மஞ்சுவின் தழும்பு இருட்டுப் பக்கம் வருகிற மாதிரி ரக்ஷிதா நாற்காலியைப் பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா நேராக வந்து அதில் உட்கார்ந்துவிட்டார். மஞ்சுவுக்குக் கிடைத்தது எதிர் இடம். ஜன்னலை ஒட்டி இடக்கன்னம். ரக்ஷிதா ஓடிப்போய் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

நின்றவள் சும்மா நிற்கவில்லை. தணிகைவேலின் இடக்கன்னத்தையே முறைத்தாள். மனுஷர் கூசிப்போய்க் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏதாச்சும் ஒட்டிக்கினு இருக்குதா?"

"இல்லீங்க, போட்டோவுல எல்லாம் ஒரே பக்கமா..."

"ஸ்டுடியோக்காரன் திரும்புன்னான், திரும்புனேன். எனக்கின்னா தெரியும்?"

ஒரு மருகூட இல்லை. வலது எப்படியோ இடதும் அப்படியே. எனக்கே வெட்கமாகிவிட்டது. இரண்டு வீட்டாரில் மறைத்தது நாங்கள் மட்டும்தான்.

மஞ்சு குனியவில்லை. தங்கையையே பார்த்தாள். ரக்ஷிதா மெல்ல ஜன்னலை விட்டு ஒதுங்கினாள். வெயில் அப்படியே மஞ்சுவின் இடக்கன்னத்தில் விழுந்தது. தணிகைவேல் நிமிர்ந்து பார்த்தார்.

ரக்ஷிதா இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டாள்.