கன்னியாவுக்கு இடம் பார்க்க வந்தவர்

திருகோணமலைக்கு விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ரயிலைப் பற்றித்தான். கொழும்பிலிருந்து இரவு புறப்படுகிற வண்டி கல்லோயாச் சந்தியில் இரண்டாகப் பிரியும். ஒரு பகுதி எங்கள் ஊருக்கு, மற்றது மட்டக்களப்புக்கு. ஏறும்போதே பெட்டியைக் கேட்டு ஏறாவிட்டால் மட்டக்களப்பில்தான் கண் விழிக்க வேண்டும். அப்படி விழித்து, பஸ் பிடித்து, வேர்த்து விறுவிறுத்து வந்து, நானே பெட்டியைக் கழற்றிவிட்டது போல என் வாசலில் நின்று சீறியவர்கள் உண்டு.

என் கணவர் துறைமுகத்தில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். வெள்ளைக்காரரின் கடற்படை விட்டுப் போன பிறகு ஊருக்குக் கப்பல் வருவது குறைந்து, இடம் பார்க்க வருகிறவர்கள் கூடினார்கள். லிங்கநகரில் எங்கள் வீட்டின் முன்னறைகள் இரண்டையும் சித்திரை, ஆவணி விடுமுறைகளில் வாடகைக்கு விட்டோம். சாப்பாடு என் குசினியிலிருந்து. வந்தவர்கள் திரும்பத் திரும்ப வந்தது என் நண்டுக்கறிக்காகத்தான் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அறைகளுக்கு வெள்ளை அடித்தது அவர்.

அறைக்கும் சாப்பாட்டுக்கும் மேலாக நான் இலவசமாகக் கொடுத்தது புத்திமதி. ஐப்பசிக்குப் பிறகு வராதீர்கள், கடலும் மழையும் சேர்ந்து உங்களை அறைக்குள் பூட்டிவிடும். உப்புவெளியில் குளியுங்கள், உள்துறைமுகத்தில் இறங்காதீர்கள். அங்கே கால் வைத்த இடத்துக்கு அடுத்த இடம் பாதாளம். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் மான்கள் வரும், அர்ச்சனைத் தட்டை உயர்த்திப் பிடியுங்கள். கிண்ணியாவுக்குப் போவதென்றால் விடியப் போங்கள். வாகனங்களை ஏற்றி ஆற்றைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். கச்சான் காற்று எழும்பிவிட்டால் அந்தப் பாதை ஓடாது. தயிர்ச்சட்டியைத் திரும்பும்போது வாங்குங்கள், போகும்போதே வாங்கி வெயிலில் புளிக்கவிட்டு என்னைக் குறை சொல்லாதீர்கள்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் என் குரல் கொஞ்சம் மாறும். சின்னச் சின்னக் கட்டுக்கிணறுகள் ஏழு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. யாரும் உள்ளே இறங்குவதில்லை, அள்ளித்தான் குளிக்க வேண்டும். சூடு குறைந்ததில் தொடங்குங்கள், வாளி கொண்டு போங்கள், சவர்க்காரம் வேண்டாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொல்வேன்: அங்கே சத்தம் போட்டுச் சிரிக்காதீர்கள். பழைய காலத்து அரசன் ஒருவன் தன் தாய்க்குக் கடன் கழிக்க வாளால் குத்திய இடங்களில் அந்த நீர் வந்தது என்பது எங்கள் கதை. எங்கள் பகுதிச் சைவர்கள் செத்தவர்களின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அங்கேதான் போவார்கள். ஒரு கிணற்றடியில் சின்னப் பிள்ளைகள் கூத்தடிக்க, பக்கத்துக் கிணற்றடியில் ஒருவன் ஈர வேட்டியோடு தாய்க்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருப்பான். தண்ணீர் எல்லாருக்கும் பொது. ஆனாலும் எனக்குக் கோபம் வரும்.

ஓர் ஆவணியில் ஒரு தம்பதி வந்தார்கள். கொழும்புக்காரர், அவருக்கு நாற்பது வயது மட்டில். மனைவி சிலாபத்துப் பெண், கழுத்தில் சின்னச் சிலுவை. பிள்ளைகளைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவர் பேசுவதே அபூர்வம். நான் அவரைக் கதிரையில் இருத்தி, ரயிலிலிருந்து தயிர் வரைக்கும் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். கன்னியாவைப் பற்றிச் சொன்னபோது தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனுசன், சொன்னதைக் கேட்கிறார் என்று மகிழ்ந்துபோனேன்.

எனக்குச் சுட்டது சாப்பாட்டில்தான். வந்த நாளிலிருந்து அவர் மீனைத் தொடவில்லை. சோறு, பருப்பு, ஒரு கீரை, அவ்வளவுதான். கடலை வாசலில் வைத்திருக்கிற ஊருக்கு வந்து கீரை தின்கிற மனிதரை நான் அதுவரை கண்டதில்லை. நண்டு சமைத்த அன்றும் கறிக் கோப்பை அப்படியே திரும்பி வர, என்னால் பொறுக்க முடியவில்லை. குசினிக்குள் வந்த மனைவியிடம் கேட்டுவிட்டேன்.

"உங்கடை அவருக்கு என்ரை கைச் சமையல் பிடிக்கேல்லைப் போலை."

அவள் கோப்பையை வைத்துவிட்டுக் குசினிக் கதவைச் சாத்தினாள்.

"அப்பிடியில்லை அக்கா. அவரின்ரை அம்மா மோசம்போயிட்டா. வாற வியாழக்கிழமை முப்பத்தோராம் நாள். அதுவரைக்கும் மச்சம் சாப்பிடமாட்டார்."

"அப்ப ஏன் பிள்ளை இந்த நேரத்திலை இடம் பாக்க வந்தனீங்கள்?"

"இடம் பாக்க வரேல்லை. அவர் இந்தப் பக்கத்து ஆள். திரியாய்."

எனக்குக் காது சூடேறிவிட்டது. திரியாயில் பிறந்தவனைக் கதிரையில் இருத்திக் கன்னியாவைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, அதை நான் கூவிக் கூவி விற்றிருக்கிறேன். வாயைத் திறந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும் என்றுதான் அவர் பேசாமல் இருந்திருக்கிறார்.

மிச்சத்தை அவளே சொன்னாள். அவளுடைய மாதா கோயிலில் தாலி கட்டுவதற்காக அவர் வேதத்துக்கு, அதாவது கத்தோலிக்கத்துக்கு, மாறியவர். அண்ணன்மார் அன்றோடு உறவை வெட்டிவிட்டார்கள். தாய் மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாளாம், ஒருக்கால் வந்து முகத்தைக் காட்டச் சொல்லி. அவர் வந்து சேர்ந்தது செத்தவீட்டுக்கு. எங்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பான், தாய்க்கு இளையவன். அவர்தான் இளையவர். ஆனால் வேதத்துக்குப் போனவன் கையால் கொள்ளி வேண்டாம் என்று தாய்மாமன் சொல்லிவிட்டார். மூத்த அண்ணன் வைத்தார். இவர் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"வியாழக்கிழமை அண்ணன்மார் எல்லாரும் கன்னியாவுக்கு வருவினம். கிட்டப் போகமாட்டாராம். பக்கத்துக் கிணத்திலை நிண்டு அந்த நேரம் ரெண்டு வாளி தண்ணி வாத்தாலே போதுமாம். நீங்களும் வாங்கோ அக்கா. அந்த இடத்திலை எப்பிடி நிக்கிறதெண்டும் எனக்குத் தெரியாது."

அன்றிரவு என் கணவரிடம் சொன்னேன். பிறர் வீட்டுச் சண்டைக்குள் தலையை விடாதே என்றார். புத்திமதி சொல்வது எங்கள் வீட்டில் என் வேலை என்பதால் நான் அதைக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை விடிய வாடகைக் காரில் போனோம். கிணற்றடியில் அவர்கள் எங்களுக்கு முந்தியே வந்திருந்தார்கள். ஐயர் தருப்பை, எள், பிண்டம் எல்லாம் வைத்துத் தொடங்கிவிட்டார். நரைத்த மூத்த அண்ணன் முன்னால் இருந்தார், பின்னால் மற்ற அண்ணன். மரத்தடியில், சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு தாய்மாமன்.

இவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தள்ளியிருந்த கிணற்றடிக்குப் போனார். சட்டையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு, என் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றினார். நாங்கள் இருவரும் பின்னால் நின்றோம். எங்களைப் பார்த்தால் கொழும்பிலிருந்து இடம் பார்க்க வந்த ஆட்கள், அவ்வளவுதான். அங்கே ஐயர் தாயின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் இவருடைய கை அப்படியே நின்றுவிடும். பிறகு மெல்ல ஊற்றுவார். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள், நான் அதுவும் செய்யாமல் அந்தப் பெரிய மனிதர்கள் எல்லாரையும் மனதுக்குள் வைதுகொண்டு நின்றேன்.

எள்ளும் தண்ணீரும் இறைக்கிற கட்டம் வந்தது. மூத்த அண்ணன் எழும்பினார். இறைக்காமல், எள்ளை இலையோடு கையில் எடுத்துக்கொண்டு நேரே எங்கள் கிணற்றடிக்கு வந்தார். அவர் எப்போது கண்டாரோ தெரியாது. தம்பியின் முன்னால் வந்து நின்று, முன்பின் தெரியாத ஆளைக் கேட்பது போலக் கேட்டார்.

"நீங்கள் இடம் பாக்க வந்த ஆக்களோ?"

இவர் வாளியைக் கீழே வைத்தார். "ஓம்" என்றார்.

"எங்கையிருந்து?"

"கொழும்பிலையிருந்து."

"உங்களுக்குத் தாய் இருக்கிறாவோ?"

"இல்லை."

"அப்ப உங்களுக்குத் தெரியாது போலை. தாய் இல்லாதவை இஞ்சை வந்தால் சும்மா குளிச்சுப்போட்டுப் போறேல்லை. எள்ளுந் தண்ணியும் இறைச்சுப்போட்டுத்தான் போறது. வாங்கோ, ஐயர் சொல்லித் தருவார்."

இத்தனை வருடமாக அந்த ஊருக்கு வருகிறவர்களுக்கு வழி சொல்கிறவள் நான். அப்படியொரு வழக்கம் அங்கே கிடையாது. இடம் பார்க்க வந்தவனைப் பிறர் வீட்டுக் கிரியையில் கூப்பிட்டு இருத்துகிற வழக்கம் எங்கேயும் கிடையாது. அந்த மனிதர் அந்த இடத்தில் நின்று அதை உண்டாக்கினார்.

தம்பி அண்ணனுக்குப் பின்னால் நடந்தார். மரத்தடியிலிருந்து தாய்மாமன் எழும்பி வந்து வழியில் நின்றார். செத்தவீட்டில் மறித்த அதே மனிதர், மருமகனை அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அவர் இவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நீர் இந்த ஊர்ப் பிள்ளையெல்லே?"

"ஓம் ஐயா. லிங்கநகர்."

"அப்பிடியொரு வழக்கம் இருக்கோ, பிள்ளை?"

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். ஐயர் கூட நிறுத்திவிட்டார். சைவக் கிரியை நடக்கிற இடத்தில், அங்கிருக்கிற பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் நின்று பொய் சொல்வதா என்று ஒரு கணம் யோசித்தேன்.

"ஓம் ஐயா. இருக்கு. என்ரை வீட்டுக்கு வாற ஆக்களுக்கெல்லாம் நான் முதல் சொல்லி அனுப்புறது இதைத்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வழியிலிருந்து விலகினார்.

தம்பியை அண்ணன் தன் இடத்தில் இருத்தினார். ஐயர் தருப்பையை அவர் விரலில் போட்டு, கையில் எள்ளை வைத்து, இறந்த தாயின் பெயரைச் சொல்லும்படி கேட்டார். அவர் சொன்னார். விடியற்காலையிலிருந்து அந்தக் கிணற்றடியில் ஐயரே சொல்லிக்கொண்டிருந்த அதே பெயர். ஐயர் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குக் கேக்கேல்லை" என்றார் தாய்மாமன். குரல் உடைந்திருந்தது. "என்ரை அக்காவின்ரை பேரை வடிவாச் சொல்லச் சொல்லுங்கோ, ஐயர்."

தம்பி உரக்கச் சொன்னார்.