எல்லா வாசலிலும் வேப்பிலை

காக்கிச் சட்டை எதற்காக வருகிறது என்று யாரும் நின்று கேட்பதில்லை. வருகிறது என்றால் ஓடுவார்கள், அவ்வளவுதான். போலீஸ் வேலையில் நான் சீக்கிரமே தெரிந்துகொண்டது இது. அறுபதுகளில் ராயபுரத்துப் பக்கம் கான்ஸ்டபிளாக இருந்தேன். காசிமேட்டைத் தாண்டித் திருவொற்றியூர் போகும் வழியில், கடலுக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த ஒரு மீனவக் குப்பம் என் பொறுப்பில் இருந்தது. மதுவிலக்குக் காலம். சாராயப் பானை புதைத்திருக்கிறார்களா என்று கம்பியால் மணலைக் குத்திக்கொண்டே போவோம். துறைமுகத்தில் மூட்டை காணாமல் போனாலும் அங்கேதான் போவோம். பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். அந்த மீன்காரப் பெண்களின் வாயில் விழுந்து எழுந்தவனுக்கு அப்புறம் எந்த மேலதிகாரியிடமும் பயம் இருக்காது.

அந்தக் குப்பத்துக்குத்தான் ஒரு கோடையில் அம்மை குத்தும் கோஷ்டியோடு என்னை அனுப்பினார்கள். ஊரில் பெரியம்மை தலைகாட்டியிருந்தது. தடுப்பூசி போடுவதை அப்போது அம்மை குத்துவது என்றுதான் சொல்வோம். நான் கோஷ்டிக்குப் பாதுகாப்பாம். இன்ஸ்பெக்டர் அதற்குச் சொன்ன விளக்கம் வேறு.

"ஓடுறவனப் புடிச்சிக் கைய நீட்ட வைய்யா. மத்தத அவங்க பாத்துப்பாங்க."

எங்கள் ஸ்டேஷனில் கேஸ் குறைந்தால் நல்ல பெயர். சுகாதார இலாகாவில் குத்திய கை கூடினால் நல்ல பெயர். அந்த இரண்டு நல்ல பெயர்களுக்கும் நடுவில் குப்பத்து ஜனம் மாட்டிக்கொண்டது. முதல் நாள் நடந்த கூத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஆண்கள் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போய், அலைக்கு அப்பால் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தார்கள். குழந்தைகளை வலைக்குவியலுக்குள் ஒளித்துவிட்டார்கள். அகப்பட்டவர்கள் ஓட முடியாத கிழவர்கள்தான். அவர்களில் பலருக்குக் கையில் பழைய தழும்பு இருந்தது. இருந்தாலும் என்ன, அதன் பக்கத்திலேயே இன்னொன்று குத்தினார்கள். மேலே காட்டுவதற்குக் கை என்றால் கைதானே.

அடுத்த முறை போனபோது யாரும் ஓடவில்லை. தெருவில் ஆளே இல்லை. ஆனால் எல்லா வாசலிலும் வேப்பிலைக் கொத்து தொங்கியது.

வேப்பிலை தொங்கினால் அந்த வீட்டில் அம்மை வார்த்திருக்கிறது என்று அர்த்தம். நோய் என்று சொல்ல மாட்டார்கள், அம்மா வந்திருக்கிறாள் என்பார்கள். அவள் தங்கியிருக்கும்வரை வெளியாள் நுழையக் கூடாது, செருப்பும் தோலும் வாசலைத் தாண்டக் கூடாது, அடுப்பில் தாளிக்கக் கூடாது, மீன், கறி என்ற கவிச்சிப் பேச்சே கூடாது. நான் வேதக்காரன், ராயபுரத்து மாதா கோயில் மணியோசையில் வளர்ந்தவன். எங்கள் வீட்டிலும் இதே சட்டம்தான்.

எங்களோடு வந்த அம்மை குத்துபவர் ரிட்டயர் ஆகும் வயதில் இருந்தவர், நெற்றி நிறையக் குங்குமம். தெருவைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தம்பி, நான் உள்ள வர மாட்டேன். வேலை போனாலும் சரி."

திட்டம் எப்படி நடக்கிறது என்று மதிப்பிட மேலிடத்திலிருந்து ஒரு டாக்டர் அன்றைக்குப் பார்த்து ஜீப்பில் வந்து இறங்கினார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளிறிப்போனார்.

"வீட்டுக்கு வீடு பெரியம்மையா? இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

நாளைக்கே வண்டிகள் வரும், நோயாளிகள் அத்தனை பேரையும் தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டும், தகராறு செய்தால் சமாளிக்கக் கூடுதல் போலீஸ் வேண்டும் என்று மளமளவென்று உத்தரவு போட்டார். அதுவரை யாரும் தெருவுக்குள் போகவோ வரவோ கூடாது என்று என்னை முனையில் நிறுத்தினார். அம்மை குத்துபவரும் ஊசிப் பெட்டியோடு என் பக்கத்திலேயே ஒரு கவிழ்த்த படகின் நிழலில் உட்கார்ந்துவிட்டார். ஜீப் போய்விட்டது.

மத்தியானம் ஆனது. நல்ல பசி. காற்று தெருப்பக்கமிருந்து திரும்பியது. மீன் வறுக்கும் வாசனை வந்தது.

முதலில் என் பசிதான் என்னை ஏய்க்கிறது என்று நினைத்தேன். கொஞ்சம் உள்ளே நடந்தேன். முதல் வீட்டில் காரப்பொடி மீன் வறுவல். அடுத்த வீட்டில் குழம்பு கொதித்தது. எதிர் வீட்டில் கடுகு வெடித்தது. வாசலில் வேப்பிலை, அடுப்பில் மீன்! போலீஸை விரட்ட அம்மனையே கூப்பிட்டு வாசலில் காவல் வைத்தவர்களுக்கு, அவளுக்காக ஒரு வேளை மீனை விட முடியவில்லை. வயலும் வரப்புமான ஊர்க்காரனாக இருந்தால் ரசமாவது வைத்துச் சமாளித்திருப்பான். இவர்களுக்கு அது தோன்றவே இல்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒரு வாசலிலிருந்து நடுவயதுக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்தாள். தெருவிலேயே பெரிய குரல் அவளுடையது. மீன்கூடையோடு மண்ணடிவரை போய்வருபவள்.

"இன்னா நைனா, தனியா சிரிச்சிகினு கீற?"

"அம்மாவுக்கு வறுவல் ரொம்பப் புடிக்குமோ?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு கோபம் வந்துவிட்டது. "நீங்க தடிய தூக்கினு வந்தா நாங்க இன்னா செய்றது? அவகிட்ட மன்னாப்பு கேட்டுகினுதான் மாட்டுனோம். எங்க பேஜாரு அவளுக்குத் தெரியும். உனுக்குத்தான் தெர்ல."

அவள் சொன்னதில் தப்பு இல்லை. இங்கே நோயே கிடையாது, வண்டிகள் வேண்டாம் என்று டாக்டருக்குச் சொல்லியனுப்பலாம் என்று திரும்பினேன். அப்போதுதான் கடற்கரையை ஒட்டிய கடைசி வீடு கண்ணில் பட்டது. அங்கே புகை இல்லை. எந்த வாசனையும் இல்லை. வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்த ஈரம் மட்டும் இருந்தது.

"அந்த வூட்ல?" என்றேன்.

மீன்காரம்மாவின் குரல் இறங்கிப்போனது. "அங்க நெசமாவே வந்துகீறா."

அந்த வாசலில் ஒரு சின்னப் பெண், வாராத தலையோடு கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்துவாள் என்று நினைத்தேன். சாத்தவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் எனக்கு வந்த பெரியம்மை முகம் முழுக்கக் குழி பறித்துவிட்டுப் போயிருந்தது. ஸ்டேஷனில் அதை வைத்து எனக்கு ஒரு பட்டப் பெயரே உண்டு. அன்றைக்குத்தான் அந்த முகம் எனக்கு உதவியது.

"உங்கிட்ட அவ வந்துட்டுப் போய்ட்டாளா சார்?"

"போய்ட்டாம்மா."

"அப்ப நீ உள்ள வரலாம்."

பெல்ட்டையும் தொப்பியையும் செருப்பையும் வெளியே கழற்றி வைத்தேன். லத்தியைச் சுவரில் சாத்தினேன். உள்ளே அவள் புருஷன் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தான். கடலில் காய்ந்து இறுகிய உடம்பு. அதில் விரல் வைக்க இடமில்லாமல் அம்மை போட்டிருந்தது. ஒரு தடவை வந்தவனுக்கு மறுபடி வராது என்று தெரிந்தும் ஓரடி பின்வாங்கினேன். வெளியே வந்து குழந்தையின் கைகளைத் தூக்கிப் பார்த்தேன். தழும்பு இல்லை. முதல் நாள் கோஷ்டி வந்தபோது வலைக்குள் ஒளித்த குழந்தைகளில் இதுவும் ஒன்றாம். இவளே சொன்னாள்.

"பாப்பாவுக்குக் குத்திடணும்மா. இன்னிக்கே."

"அவ வூட்டுக்குள்ள கீறப்பவா? கோவம் வராதா அவளுக்கு?"

என் கதையைச் சொன்னேன். "எனக்கு வந்தப்ப என் தங்கச்சி கைக்கொழந்த. எங்கம்மா மாதா படத்துக்கும் மெழுகுவத்தி ஏத்துனாங்க, வாசல்ல வேப்பிலையும் கட்டுனாங்க. ஊசிக்காரர் வந்தப்ப கதவ சாத்திட்டாங்க. நான் பொழச்சுக்கினேன். அது பொழைக்கல."

இதை அதுவரை என் மனைவியிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை. அந்தப் பெண் குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஊசி போட்டா இவுரு எழுந்துக்குவாரா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அந்தக் குப்பத்தில் காக்கிச் சட்டையிடம் ஒருத்தி ஓடாமல் நின்று கேள்வி கேட்கிறாள். அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"அவருக்கு இனிமே ஊசியால ஒண்ணும் ஆவாது. அவரு பொழைப்பாரான்னு எனக்குத் தெரியாது. நான் பாப்பாவுக்குத்தான் கேக்குறேன்."

எந்தப் பெரிய காரியத்துக்கும் குப்பத்துக்காரர்கள் அம்மன் முன்னால் பூப் போட்டுப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகப் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் அவள் சரி என்கிறாள், சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். வேண்டுமானால் பூப் போட்டுப் பார், நான் காத்திருக்கிறேன் என்றேன். அவள் உள்ளே புருஷனைப் பார்த்தாள். மடியில் தூங்கிவிட்ட குழந்தையைப் பார்த்தாள்.

"வேணாம் சார். கேட்டு, அவ வேணாம்னு சொல்லிட்டா அப்பால நான் இன்னா செய்வேன்? நான் கேக்கல."

என் சர்வீஸில் எத்தனையோ தைரியசாலிகளைப் பார்த்திருக்கிறேன், கத்தியோடு நின்றவர்களையும் சேர்த்து. அவர்களில் யாரையும் இவள் பக்கத்தில் நிறுத்த எனக்கு மனம் வராது.

அவள் இரண்டு நிபந்தனைகள் போட்டாள். புருஷனை வண்டியில் ஏற்றக் கூடாது. ஊசிக்காரர் குளித்துவிட்டு வர வேண்டும். போய் அம்மை குத்துபவரிடம் சொன்னேன். "தம்பி, என்னை எதுல கோத்து விடறே?" என்று முனகினார். ஆனால் குழந்தை என்றதும் எழுந்துவிட்டார். பம்பில் குளித்து, ஈர வேட்டியோடு, வெறுங்காலோடு வந்தார். வாசலிலேயே உட்கார்ந்து, வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே குழந்தையின் கையில் அந்தச் சின்ன வட்டக் கருவியை வைத்துத் திருகினார். குழந்தை வீறிட்டது. வேப்பிலைக்குப் பின்னாலிருந்து தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அந்தப் பெண்ணும் தன் கையை நீட்டினாள்.

மீன்காரம்மாவிடம் மற்றவர்களும் வரலாமே என்றேன். "மொதல்ல அங்க இன்னா ஆவுதுன்னு பாக்குறோம்" என்றாள். அதுவும் ஒரு மதிப்பீடுதான். டாக்டருடையதைவிட அதற்குப் பொறுமை அதிகம்.

சாயங்காலம் இன்ஸ்பெக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். ஒரே வீடுதான், போலீஸைக் குவித்தால் கல் பறக்கும், நானே காவல் இருக்கிறேன் என்றேன். ஆள் மிச்சம் என்று அவருக்குச் சந்தோஷம். டாக்டருக்குத்தான் கோபம். தெரு முழுக்கப் பெரியம்மை என்று மேலே சொல்லியாகிவிட்டது, இப்போது மீன் வாசனையை வைத்து இல்லை என்று எப்படிச் சொல்வது என்று கத்தினார். கடைசியில், யாரும் அந்த வீட்டை நெருங்கக் கூடாது, சில நாள் பார்க்கலாம் என்று இறங்கி வந்தார். நான் வாசலுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, கேட்டபோது தண்ணீரும் இளநீரும் வாங்கிக் கொடுத்தேன். போலீஸ் வேலை என்று நான் மனதார நினைத்துச் செய்தது அதைத்தான்.

அந்த மனிதர் பிழைக்கவில்லை. ஒரு விடியற்காலையில் போய்விட்டார். மேளம் இல்லை, ஒப்பாரி இல்லை. அம்மா கொண்டுபோனவருக்கு அழக் கூடாது என்பது அங்கே வழக்கம். அந்தப் பெண் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, தெருமுனைக்குப் போய் அழுதேன். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டிருந்தது, குத்திய இடம் கொப்பளித்திருந்தது. ஊசிக்குக் கோபித்துக்கொண்டுதான் அம்மா ஆளையே எடுத்துவிட்டாள், அடுத்து குழந்தைதான் என்று தெரு பேசியது. எனக்கு எதிரிலேயே பேசினார்கள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து டாக்டர் மறுபடி மதிப்பிட வந்தார். கூட அம்மை குத்துபவரும் நானும். இந்த முறை தெரு ஜனம் வெளியே வந்து நின்றது. யார் கையும் நீளவில்லை. டாக்டர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"இறப்பு எந்த வீட்டில்? ஊசி போட்ட வீட்டிலேயா?"

மீன்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஆமா சார். ஊசி உள்ள வந்துச்சு, ஆம்பள வெளிய போய்ட்டான். இத்த பாத்துட்டு நாங்க இன்னான்னு கைய நீட்றது?"

டாக்டர் என்னைப் பார்த்தார். இறந்தவர் ஊசிக்கு முன்பே படுத்துவிட்டவர் என்று நான் சொன்னேன், அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்போது கடைசி வீட்டிலிருந்து அந்தப் பெண் வந்தாள். கூட்டம் தானாக விலகியது. இடுப்பில் குழந்தை எதையோ பிடிக்கக் கையைக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. மேலுக்குச் சட்டை இல்லை. உடம்பில் எங்கேயும் ஒரு கொப்புளம் இல்லை, கையில் மட்டும் ஊசிப் புண் ஆறிப் பொருக்குத் தட்டியிருந்தது. அவள் டாக்டரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. குழந்தையின் கையைத் தூக்கி மீன்காரம்மாவுக்குக் காட்டினாள்.

"அவுர அவ எடுத்துக்கினா," என்றாள். "இத்த நான் குடுக்கல."