சாஜிதா பேகத்தின் தும்பி

மகன் தல்ஹா வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போனபோது துணிமணியை மட்டும் எடுத்துக்கொண்டான். விளையாடுவதற்கென்று அடம்பிடித்து வாங்கிய பெரிய கம்ப்யூட்டர் கோட்டைமேட்டு வீட்டின் மாடி அறையில் சும்மா கிடந்தது. சாஜிதா பேகம் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுப்பவள். தன்னுடைய பழைய கம்ப்யூட்டர் மக்கர் செய்த ஒரு நாள், அவசர வேலையை முடிக்க மகனுடையதைத் திறந்தாள். அதில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. எந்த விமானம் வேண்டும் என்று கேட்டு வரிசையாகப் படங்கள் காட்டியது. சும்மா தள்ளிக்கொண்டே போனவளின் விரல் ஒரு படத்தில் நின்றுவிட்டது.

தலைக்கு மேலே சிறகு, அடியில் மூன்று சின்னச் சக்கரம், இரண்டு பேர் தோள் உரச உட்காரும் கூண்டு. அந்த மொண்ணை மூக்கை எந்தக் கூட்டத்திலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவள் ஓட்டக் கற்றுக்கொண்ட குட்டி விமானம் அது.

அப்போது கிணத்துக்கடவுக்கு அப்பால், பொள்ளாச்சி ரோட்டை ஒட்டி, விமானப் பைத்தியம் பிடித்த மில்காரர் ஒருவர் தன் காட்டில் செம்மண் ஓடுதளம் போட்டு ஒரு கிளப் நடத்திக்கொண்டிருந்தார். கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் பயிற்சி. சாஜிதாவும் அவள் வகுப்புத் தோழி நந்திதாவும் சேர்ந்தார்கள். அந்த விமானத்துக்குத் தும்பி என்று பேர் வைத்தது நந்திதாதான். சாஜிதாவின் அத்தா அப்துல் வஹீது மகளை ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, வேப்பமரத்தடியில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பார். டவுன்ஹால் பக்கம் அவருக்கு இரும்புக்கடை. ஆணி வாங்க வருகிறவர்களிடம், "எம் புள்ள நேத்து ஆயிரம் அடி மேல போச்சுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஆணியை நிறுப்பார்.

மாடி அறையில் அன்று சாஜிதா முதன்முதலாகத் தும்பியைக் கிளப்பினாள். விளையாட்டில் தரையாக விரிந்திருந்தது நிஜ ஊரின் வான்படம். மேலிருந்து பார்த்தால் பொள்ளாச்சி ரோட்டின் வளைவு அப்படியே இருந்தது. ஓடுதளம் இருந்த இடத்தில் தென்னந்தோப்பு. அதன் மேலேயே இரண்டு சுற்று சுற்றினாள். ஆனால் இறங்கலாம் என்று எஞ்சினை அடக்கியதும் அவளுக்குக் கோபம் வந்தது. விமானம் இறங்க மறுத்தது. பருந்து மாதிரி மிதந்து மிதந்து தோப்பைத் தாண்டி எங்கேயோ போனது.

நிஜத் தும்பி அப்படியில்லை. எஞ்சினை அடக்கினால் விழும். "ரோட்டத் தாண்டற வரைக்கும் அடக்காதீங்கம்மா" என்பதுதான் பயிற்சியாளர் நரசிம்மலு தினமும் சொல்வது. ரோட்டுக்கு அந்தப் பக்கமே அடக்கிவிட்டால் ஓடுதளம் கிடைக்காது, நிலக்கடலைக் காடுதான் கிடைக்கும்.

"பறக்குதில்ல, அப்பறம் என்ன?" என்றார் அவள் கணவர் நிஜாம். உக்கடத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"பறக்குதுங்க. ஆனா இது அது இல்லீங்க."

"பேரு, படம் எல்லாம் அதுதானே?"

"படம் அதுதான். குணம் வேற."

விமானத்தின் குணமெல்லாம் எண்களாக ஒரு கோப்பில் இருக்கிறது, அதைத் திறந்து மாற்றலாம் என்று தல்ஹா போனில் சொன்னான். அன்றிலிருந்து பத்திரிகை வேலை முடிந்த மத்தியானங்களில் அவள் அதோடு மல்லுக்கட்டினாள். தென்னந்தோப்புக்கு மேலேயே செம்மண் ஓடுதளம் ஒன்றை வரைந்து போட்டாள். பிறகு காற்று விமானத்தைப் பிடித்து இழுக்கும் அளவைக் கூட்டினாள். ரோட்டுக்கு முன்னால் எஞ்சினை அடக்கியதும் தும்பி ஒழுங்காகக் கடலைக்காட்டில் விழுந்தது. ஆனால் இப்போது மேலே ஏற முடியாமல் திணறியது. எஞ்சினின் பலத்தைக் கூட்டினாள். நாலு எட்டில் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கெட்டது. மாப்பிள்ளை பேரைக் கொஞ்சம் பெரிதாக்கினால் முகூர்த்த நேரம் பக்கத்தை விட்டு வெளியே போகிற தொழில்தான் அவளுக்குப் பழக்கம். அதனால் சலிக்கவில்லை. கண்ணை மூடி உட்கார்ந்து உடம்பைக் கேட்பாள். ஆனி மாதத்துப் பாலக்காட்டுக் காற்றில் மூக்கை எவ்வளவு திருப்பி வைத்தோம்? உச்சி வெயிலில் உழுத செம்மண்ணுக்கு மேலே போகும்போது இருக்கை எப்படித் தூக்கிப் போடும்? உடம்பு சொல்லச் சொல்ல எண்களை மாற்றினாள்.

நிஜாம் கிண்டல் செய்துகொண்டேதான் இருந்தார். ஆனால் ஒரு நாள் பட்டறையிலிருந்து வரும்போது இரும்புக் குழாயில் செய்த இரண்டு மிதிகளைக் கொண்டுவந்து மேசைக்கடியில் பொருத்தினார். வாலைத் திருப்பக் காலில் மிதி வேண்டும் என்று அவள் எப்போதோ சொன்னதைக் காதில் வாங்கியிருக்கிறார். "ஸ்பிரிங்கு கொஞ்சம் கெட்டி. வேணுமுன்னா மாத்திக்கலாம்" என்றார்.

ஆறேழு மாதத்தில் தும்பி ஏறக்குறையத் தும்பி ஆகிவிட்டது. ஆனாலும் எதுவோ ஒன்று குறைந்தது. அது என்ன என்று அவளால் சொல்ல முடியவில்லை.

தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக நந்திதா தாராபுரத்திலிருந்து வந்தாள். அங்கே விதைக்கடை நடத்துகிறாள். தலை பாதி நரைத்திருந்தது. மாடிக்குக் கூட்டிப் போய்த் திரையைக் காட்டியதும் குனிந்து அந்த மொண்ணை மூக்கை விரலால் தொட்டாள்.

"ஏம் புள்ள, இதெங்கிருந்து புடிச்ச?"

"உக்காரு அம்மணி. ஓட்டிப் பாத்துட்டு எங்க தப்புன்னு சொல்லு."

நந்திதா பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். எஞ்சினை முழுக்கத் திறந்தாள். தும்பி ஓடத் தொடங்கியது. இரண்டு நொடியில் விறுக்கென்று வலப்பக்கம் திரும்பி, ஓடுதளத்தை விட்டுத் தென்னைமரத்தில் போய் முட்டியது.

"நான் ஒண்ணுமே பண்ணலையே" என்றாள் நந்திதா.

சாஜிதா குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள். நந்திதாவின் வலது கால் மிதியை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.

நந்திதாவும் குனிந்து தன் காலைப் பார்த்தாள். அப்புறம்தான் இருவருக்கும் ஞாபகம் வந்தது. எஞ்சினைத் திறந்ததும் முன்னால் சுழலும் விசிறி விமானத்தை இடப்பக்கம் இழுக்கும். வலது காலால் மிதித்துத்தான் நேராக்க வேண்டும். மனசு மறந்ததைக் கால் மறக்கவில்லை. சாஜிதாவின் தும்பியில் அந்த இழுப்பே இல்லை. குறைந்தது அதுதான்.

அங்கேயே கோப்பைத் திறந்து இழுப்பைச் சேர்த்தார்கள். நந்திதா இன்னொரு முறை கிளம்பினாள். இந்த முறை கால் சரியாக மிதித்தது, தும்பி நேராக ஓடியது. ஒரு சுற்று சுற்றி, ரோட்டைத் தாண்டி, தொப்பென்று இறங்கினாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"அதேதான். ஆனா கனமா இருக்குது" என்றாள். "நீ ரெண்டாளு கனத்தப் போட்டு வெச்சிருக்கற. தனியாப் போறப்ப இப்படி இருக்காது. சார் எறங்கிட்டாருன்னா துள்ளிட்டுப் போகும் பாரு, பாதி தூரத்துலயே காத்துல இருப்ப."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சாஜிதா தனியாகப் போனதே இல்லை.

நந்திதா தனியாகப் பறந்த வாரத்துக்கு அடுத்த ஞாயிறு சாஜிதாவின் முறை. இடையில் ஒரு கோடைப் புயல் வந்து, கட்டி வைத்திருந்த தும்பியைக் கயிற்றோடு பிடுங்கிப் புரட்டிப் போட்டது. வெளிநாட்டிலிருந்து சிறகு வந்து சேர்வதற்குள் பரீட்சை வந்தது, பிறகு அவளுக்கு நிக்காஹ் முடிந்தது. அத்தா அந்த வாரம் முழுக்கக் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம், "ஞாயித்துக்கெழம புள்ள தனியாப் போகுதுங்க" என்று சொல்லி வைத்திருந்தார். பிறகு அவர்கள் கேட்டபோது என்ன பதில் சொன்னார் என்று சாஜிதா கேட்டதில்லை. இப்போது கேட்க அவரும் இல்லை.

"கனத்தக் கொறைச்சுரு" என்றாள் நந்திதா மெதுவாக. "நீ ஓட்டு. நான் வாயே தொறக்க மாட்டேன்."

சாஜிதா பக்கத்து இருக்கையின் கனத்தை அழித்தாள். எஞ்சினைத் திறந்தாள், வலது காலை மிதித்தாள். அவள் எதிர்பார்த்த இடத்துக்கு வெகு முன்னாலேயே சக்கரத்தின் சத்தம் நின்றுவிட்டது. தும்பி லேசாக, வேகமாக ஏறியது. இந்தக் குணத்தை அவள் உடம்பு அறிந்ததில்லை. திரையில் காட்சியை வலப்பக்கம் திருப்பிப் பார்த்தாள். வெறும் இருக்கை. அதற்கு அப்பால் ஆனைமலை நீலமாகத் தெரிந்தது. அவள் முழுச் சுற்றும் போய் இறங்கினாள். கொஞ்சம் குதித்துத்தான் இறங்கினாள்.

கீழிருந்து டீ கொண்டுவந்த நிஜாம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னாச்சுங்க, கல்யாண ஊட்டுல சாப்பாடு சரியில்லையா? ரெண்டு பேரும் அழுதுட்டு உக்காந்திருக்கறீங்க."

அவர் டீயை வைத்துவிட்டு, மிதியின் ஸ்பிரிங்கைக் குனிந்து பார்க்கத் தொடங்கினார்.

சித்திரை பிறந்ததும் நந்திதா தாராபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டாள். நிஜாம் இன்னொரு ஜோடி மிதி செய்து பஸ்ஸில் போட்டுவிட்டார். கிளப்பில் இருந்தது ஒரே தும்பி. ஒருத்தி மேலே போனால் இன்னொருத்தி கீழே காத்திருக்க வேண்டும். ஆகவே அந்தக் காலத்தில் அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் வானத்தில் இருந்ததே இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், இணையம் வழியாக ஒரே வானத்தில், இரண்டு தும்பிகள் கிணத்துக்கடவிலிருந்து கிளம்பிக் கிழக்கே போகின்றன. போனை மேசைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே ஓட்டுகிறார்கள்.

"எங்கிருக்கற அம்மணி?" என்பாள் சாஜிதா.

"அமராவதிக்கு மேல. உன்னைக் காணமே."

"பொறு, வாரேன். எதுத்த காத்து."