வடிந்த முகம்

அக்காவின் கால் வீங்கியபோது, தேயிலைத் தொழிற்சாலையில் நாளெல்லாம் நின்றே வேலை செய்வதால் என்றுதான் நினைத்தோம். சிறுநீர் நுரைத்துப் போகத் தொடங்கியதும் ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே அவளுடைய சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்றார் டாக்டர். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்.

"நீங்களா நிறுத்தக் கூடாது. நான்தான் கொஞ்சம் கொஞ்சமா குறைப்பேன்."

அம்மாவும் நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம்.

கால் வீக்கம் வடிந்தது. ஆனால் அந்த மருந்தால் முகம் உப்பி உருண்டுபோயிற்று. நாங்கள் குடியிருந்த தோட்ட லயத்தில் யாரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. "சோறு நல்லா ஏறுது போல லா" என்று சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். கோயிலுக்குப் போவதை மட்டும் விட்டுவிட்டாள்.

அப்போதுதான் பக்கத்து ஊரான கோலா தெர்லாவிலிருந்து பெண் கேட்டார்கள். மாப்பிள்ளை காய்கறி லோரி ஓட்டுபவர். நோயைச் சொன்னோம். பரவாயில்லை என்றார்கள்.

பெண் பார்க்க வரும் நாள் நெருங்க நெருங்க, அக்காவின் கன்னம் வடிந்துகொண்டே வந்தது. அம்மா சாமிக்குக் கற்பூரம் ஏற்றினார். "முகம் தெளிஞ்சிருச்சு, பாத்தியா?" என்றார். நானும் பூரித்துப்போனேன். மாத்திரையை அவள் முதலில் பாதியாக்கி, பிறகு அடியோடு நிறுத்திவிட்டாள் என்பது, குளியலறையில் வாந்தி எடுத்து மயங்கி விழுந்த பிறகுதான் தெரிந்தது.

"வெளியிலேர்ந்து மருந்து போனதால, உடம்பு அதே மாதிரி சுரப்பத் தானா உண்டாக்கறத நிறுத்திருச்சும்மா. மருந்தும் சட்டுனு நின்னா எப்படித் தாங்கும்?" என்றார் டாக்டர்.

உயிர் பிழைத்தாள். ஆனால் அடங்கியிருந்த நோய் மறுபடி கிளம்பியிருந்தது. சிறுநீரகம் தேறவே இல்லை.

மாப்பிள்ளை தனியாக வார்டுக்கு வந்தார். முகம் வடியத்தான் அவள் மாத்திரையை நிறுத்தினாள் என்று நான் சொன்னதும், கட்டிலருகே போய் நின்றார். பிறகு அக்காவிடம் சொன்னார்:

"கியா பார்ம் காய்கறிச் சந்தைக் கடையில உங்கள முன்னாடியே பாத்திருக்கேன். அப்ப முகம் உப்பித்தான் இருந்துச்சு. பாத்துட்டுத்தான் பொண்ணு கேக்கச் சொன்னேன்."

"அத அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டு, அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்யாணம் வேண்டாம் என்று அவளே சொல்லியனுப்பினாள். அவர் சில மாதம் காத்திருந்துவிட்டு வேறிடத்தில் முடித்துக்கொண்டார்.

இப்போது வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்கு அவளை நான்தான் காரில் கூட்டிப்போகிறேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவாள். அவள் முகம் வடிந்த அந்த மாதத்தைப் பற்றி மட்டும் நாங்கள் இதுவரை பேசியதில்லை.